மாதிரி பிளக்கிறதா, வளைகிறதா, அளவு தப்புகிறதா? போட்டோகிராமெட்ரியில் பிழை தேடும் வழி

ஒரு பொருளைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, அந்தப் படங்களிலிருந்தே அதன் உருவத்தையும் அளவையும் கணக்கிட்டு, திரையில் திருப்பிப் பார்க்கும் முப்பரிமாண மாதிரியாக எடுப்பதுதான் போட்டோகிராமெட்ரி. பெயரைக் கேட்டதும் விமானம், நில அளவை, வரைபடம் என்றுதான் பலருக்குத் தோன்றும். ஆனால் அந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஆல்பிரெக்ட் மைடன்பாவர் கட்டடக் கலைஞர். 1858ல் ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரத் தேவாலயத்தைக் கையால் அளந்துகொண்டிருந்தபோது, உயரத்திலிருந்து விழப்போய்த் தப்பினார். ஏறி அளப்பதற்குப் பதில் படத்தில் அளந்தால் என்ன என்ற யோசனை அங்கேதான் அவருக்கு வந்தது. 1885ல் கட்டடங்களை அளவோடு படமெடுத்து வைப்பதற்கென்றே பெர்லினில் ஒரு அரசு நிறுவனம் அவர் தலைமையில் தொடங்கியது.

இன்றைக்கு இதே முறை சிற்பத்துக்கும் அகழாய்வுக் குழிக்கும் பயன்படுகிறது. விபத்து நடந்த சாலை, மண்ணில் பதிந்த காலணித் தடம், மூழ்கிய கப்பல், ஜல்லிக் குவியல், பவளப்பாறை, திமிங்கலம், விளையாட்டு மென்பொருளுக்கு வேண்டிய பாறையும் மரமும் என்று எங்கும் போயிருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொதுவான சிக்கல் உண்டு. மறுபடி எடுக்க முடியாது. அகழாய்வில் இன்று தெரியும் மண்ணடுக்கு நாளை காலை இருக்காது. தடத்தை ஒரு மழை அழித்துவிடும். சாலையை ஒரு மணி நேரத்தில் திறந்துவிடுவார்கள். அதனால் கீழே எழுதியிருப்பதில் முக்கால்வாசி, இடத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை. மீதி, வீட்டுக்கு வந்த பிறகு எவ்வளவு மீட்கலாம் என்பது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் ஒரு வரிசையை மாற்றாதீர்கள். முதலில் படங்கள், அடுத்து பொதுவான புள்ளிகளைக் கண்டு மென்பொருள் அவற்றை ஒன்றோடொன்று சேர்த்த விதம், கடைசியில்தான் மென்பொருளின் அமைப்புகள். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். மெட்டாஷேப், மெஷ்ரூம், கோல்மாப் என எந்த மென்பொருளைத் திறந்தாலும் நூறு பொத்தான்கள் இருப்பதால், கோளாறும் அங்கேதான் இருக்கும் என்று தோன்றிவிடுகிறது. படங்களைத் திரையில் நூறு சதவீத அளவுக்குப் பெரிதாக்கி, பத்துப் படத்தின் நான்கு மூலைகளையும் பாருங்கள். பாதிப் பிழைகள் அங்கேயே தெரிந்துவிடும்.

200 படம் கொடுத்தால் 90தான் சேர்கிறது

சேராத படங்கள் எவை என்று முதலில் பாருங்கள். எத்தனை என்பதைவிட எவை என்பதுதான் முக்கியம்.

சேராதவை எல்லாம் வரிசையாக ஒரே பகுதியைச் சேர்ந்தவை என்றால், அந்தப் பகுதிக்கும் மற்றதற்கும் நடுவே பாலம் இல்லை. பெரும்பாலும் இது மூலைகளில் நடக்கும். சுவரின் ஒரு பக்கத்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டே வந்து, மூலை வந்ததும் சட்டென்று திரும்பி அடுத்த பக்கத்தை எடுப்போம். நம் கண்ணுக்கு அது ஒரே கட்டடம். மென்பொருளுக்கோ இரண்டு படத்திலும் பொதுவாக ஒரு புள்ளிகூட இல்லை. மூலையை வில்போல் வளைந்து சுற்றிவர வேண்டும், ஐந்தாறு படமாவது. சிற்பம் போன்ற பொருளுக்கு அடுத்தடுத்த படங்களுக்கு நடுவே 10 முதல் 15 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. 12 டிகிரி என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 30 படம். பொருளின் ஒவ்வொரு இடமும் குறைந்தது மூன்று படத்தில் வர வேண்டும். ஐந்தாறில் வந்தால் நிம்மதி.

சேராதவை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால், அவை கை அசைந்து மங்கியவையாக இருக்கும். அவற்றைத் தூக்கிப் போடுங்கள். மங்கிய படத்தைக் கெஞ்சிச் சேர்த்தால் அது நல்ல படங்களையும் கெடுக்கும்.

சேராதவை எல்லாம் வெள்ளைச் சுவர், புதிதாகப் பூசிய சுண்ணாம்பு, ஒரே நிற பிளாஸ்டிக் என்றால், பிடித்துக்கொள்ள அடையாளமே இல்லை என்று பொருள். பொருளைச் சுற்றி அச்சடித்த காகிதங்களைப் பரப்புங்கள். பெரிய சுவர் என்றால் புரொஜெக்டரால் தாறுமாறான புள்ளிக்கோலம் ஒன்றை அதன்மேல் விழச் செய்யலாம். முழு வேலை முடியும்வரை புரொஜெக்டரை மட்டும் நகர்த்தக் கூடாது.

ஃபோனில் எடுப்பவர்களுக்கு இன்னொன்று. இரண்டு மூன்று லென்ஸ் உள்ள ஃபோன், கிட்டே போனதும் கேட்காமலே லென்ஸை மாற்றிவிடும். ஒரே தொகுப்பில் இரண்டு கேமரா கலந்த மாதிரி ஆகிவிடும். லென்ஸையும் ஃபோகஸையும் பூட்டுங்கள். போர்ட்ரெய்ட் மோடு, நைட் மோடு எதுவும் வேண்டாம். எடுத்த பிறகு ஓரத்தை வெட்டுவதும் சாய்வைத் திருத்துவதும் கூடாது, ஏனென்றால் படத்தின் நடுப்புள்ளி எங்கே என்பதை வைத்துத்தான் மொத்தக் கணக்கும் நடக்கிறது.

திரும்ப எடுக்க வழியில்லையா? படங்களை முழு அளவில் படிக்கச் சொல்லுங்கள், ஒரு படத்துக்கு இத்தனை புள்ளி என்ற வரம்பை உயர்த்துங்கள். எடுத்த வரிசையிலேயே ஒப்பிடச் சொல்லும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், சேராத படங்களிலும் சேர்ந்த படங்களிலும் தெரியும் ஐந்தாறு இடங்களைக் கையால் குறித்துக் கட்ட வேண்டியதுதான். சலிப்பான வேலை, ஆனால் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

எல்லாப் படமும் சேர்ந்தது, ஆனால் ஆழமே இல்லை

ஓரிடத்தில் நின்றுகொண்டு உடம்பை மட்டும் திருப்பி எடுத்திருக்கிறீர்கள். அறைக்குள் படமெடுப்பவர்கள் தவறாமல் ஒருமுறையாவது செய்வது இது. பனோரமாவுக்கு அது சரி. இங்கே கேமரா இடம் மாறினால்தான் ஆழம் கிடைக்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோக்க முயன்றால் எப்படியோ, அப்படித்தான். அறை என்றால் சுவரோடு முதுகை ஒட்டி, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி பக்கவாட்டில் அடிமேல் அடி வைத்து நகருங்கள்.

நாலு பக்கத் தூண் இரண்டு பக்கமாகிவிட்டது

நாலு பக்கமும் ஒரே பூவேலை செதுக்கிய ஒரு கல்தூணை எடுத்தபோது இதை முதலில் பார்த்தேன். படங்கள் அத்தனையும் சேர்ந்திருந்தன. மென்பொருள் காட்டும் பிழை எண் 0.4 பிக்சல், அதாவது மிக நல்ல எண். மாதிரியும் கூர்மையாக இருந்தது. சுற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எதிரெதிர்ப் பக்கங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக மடிந்து உட்கார்ந்திருந்தன. ஒரு பக்கத்து இதழில் நுனி உடைந்திருந்தது. மாதிரியில் அதே இதழில் முழு நுனியும் தெரிந்தது, உடைந்த வெள்ளைப் பரப்பும் தெரிந்தது. இரண்டும் பாதி பாதியாகக் கலந்து, நீர்ப்படலம் போட்ட மாதிரி ஒரு தோற்றம். அந்த ஒரு சென்டிமீட்டர் இடம் இல்லாவிட்டால் நான் கவனித்திருக்கவே மாட்டேன்.

மென்பொருள் தவறு செய்யவில்லை. ஒரே மாதிரி இருந்த இரண்டு இடங்களை ஒன்றே என்று நம்பிவிட்டது. ஒரே அச்சில் வார்த்த சன்னல் கம்பிகள், ஓடுகள், இயந்திரப் பற்சக்கரங்கள் எல்லாவற்றிலும் இது வரும். தீர்வு எளிது: ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வேறு வேறு அச்சுக் காகிதம் வையுங்கள், பின்னணியையும் சேர்த்து எடுங்கள். இந்த இடத்தில் பின்னணிதான் உங்கள் நண்பன், அதை மறைக்காதீர்கள். கொஞ்சம் விலகி நின்று பொருள் முழுக்கத் தெரியும்படி ஒரு சுற்றும் எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே எடுத்து வந்துவிட்டால், பக்கம் பக்கமாகத் தனித்தனியே செய்து, மூலைகளில் கையால் புள்ளி குறித்து இணையுங்கள்.

சுழல்மேடையில் வைத்து எடுத்தால் மாதிரி உருவாகவே இல்லை

இங்கே கதை நேர்மாறு. சின்னப் பொருளைச் சுழலும் தட்டில் வைத்து, கேமராவை நிலையாக வைத்து எடுக்கிறீர்கள். பின்னால் உள்ள சுவரும் மேசையும் எல்லாப் படத்திலும் அசையாமல் இருக்கின்றன. "கேமரா நகரவே இல்லை" என்று சுவர் சொல்கிறது, "சுற்றியது" என்று பொருள் சொல்கிறது. பெரும்பான்மை சுவருக்குத்தான். பின்னணியில் ஒரே நிறத் துணியைத் தொங்கவிடுங்கள், இல்லையென்றால் மென்பொருளில் மாஸ்க் போட்டு அந்தப் பகுதியை மறையுங்கள். தட்டின்மேல் மட்டும் ஒரு செய்தித்தாளை விரித்து வையுங்கள். அது பொருளோடு சேர்ந்து சுற்றும் என்பதால் கணக்குக்கு உதவும். வெளிச்சத்தையும் பாருங்கள். ஒரே திசையிலிருந்து கூர்மையாக விழுந்தால், பொருள் திரும்பத் திரும்ப நிழல் அதன்மேல் ஊர்ந்துகொண்டே போகும். மெல்லிய துணி வழியாகப் பரவிய வெளிச்சம் வேண்டும்.

அப்புறம், பொருளைக் கவிழ்த்து அடிப்பக்கம் எடுத்த பிறகு இரண்டு பாதியும் சேராத பிரச்சினை. நேராக வைத்தபோதும் கவிழ்த்தபோதும் பக்கவாட்டுப் பகுதி இரண்டிலும் தாராளமாக வந்திருக்க வேண்டும். படுக்க வைத்து மூன்றாவதாக ஒரு சுற்று எடுத்தால் இன்னும் நல்லது. எல்லாவற்றிலும் பின்னணியை மறைத்துவிட்டால் பெரும்பாலும் தானாகவே சேர்ந்துவிடும்.

பளபளக்கும் இடத்தில் ஓட்டை, அல்லது பள்ளம்

மெருகேற்றிய கல், வார்னிஷ் பூசிய மரம், ஈரமான பரப்பு, பித்தளை. நீங்கள் நகர்ந்தால் அவற்றின்மேல் உள்ள ஒளித்திட்டும் கூடவே நகர்கிறது. மென்பொருள் அதை மேற்பரப்பில் உள்ள ஒரு புள்ளி என்று எண்ணிப் பின்தொடர்கிறது, அதனால் பரப்புக்கு உள்ளேயோ வெளியேயோ ஒரு பொய்யான இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது.

வெட்டவெளியில் எடுப்பது என்றால் மேகமூட்டமான நாளுக்குக் காத்திருங்கள். அறைக்குள் என்றால் குறுக்குத் துருவ முறைதான் சிறந்தது. ஃபிளாஷ் முன்னால் ஒரு போலரைசர் தாள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது), லென்ஸ் முன்னால் ஒரு போலரைசர், இரண்டும் ஒன்றுக்கொன்று 90 டிகிரி. கண்ணாடிபோல் திரும்பி வரும் ஒளி லென்ஸில் தடுக்கப்படும், பொருளுக்குள் சிதறி வரும் ஒளி மட்டும் உள்ளே வரும். லென்ஸ் வளையத்தைத் திருப்பிக்கொண்டே பார்த்தால், ஒரு கணத்தில் திட்டுகள் எல்லாம் அணைந்து, கல்லின் உண்மையான நிறம் எழுந்து வரும். வெளிச்சம் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே குறையும் என்பதால் ஃபிளாஷ் பலமாக இருக்க வேண்டும், அறையில் வேறு விளக்கு கூடாது.

ஒன்று நினைவிருக்கட்டும், பூச்சில்லாத உலோகத்துக்கு இது உதவாது. உலோகத்திலிருந்து வரும் ஒளி கிட்டத்தட்ட முழுவதுமே கண்ணாடி ஒளிதான். அதை அணைத்தால் பொருளே கறுத்துப்போகும். இயந்திர உதிரி பாகம் என்றால் முகப்பவுடரையோ, சில மணி நேரத்தில் தானே ஆவியாகும் ஸ்கேனிங் ஸ்பிரேயையோ மெல்லியதாகப் பூசலாம். பழைய சிலை, ஓவியம், தொல்பொருள் என்றால் பாதுகாப்பு வல்லுநர் சொல்லாமல் எதையும் பூசாதீர்கள், தண்ணீர்த் துளிகூட வேண்டாம். நாம் எடுக்கும் மாதிரியைவிட அந்தப் பொருள் பெரியது.

தெளிவான கண்ணாடிக்கும், மெல்லிய கம்பிக்கும், தலைமுடிக்கும் நல்ல வழி கிடையாது. அதை, மாதிரி கேட்டு வருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மேற்பரப்பு மணலை ஒட்டிய மாதிரி இருக்கிறது

வழுவழுப்பான கன்னம் மாதிரியில் சொரசொரப்பாக வருகிறது. காரணங்கள் பல: ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) அதிகம், படங்களுக்கு நடுவே கோணம் மிகக் குறைவு, ஃபோகஸ் ஆழம் போதவில்லை. கடைசியதுதான் அடிக்கடி. மூக்கு கூர்மை, காது மங்கல். லென்ஸ் துளையை எஃப் 8 முதல் எஃப் 11 வரை வைத்து, முக்காலியில் நிறுத்தி, ஐஎஸ்ஓவைக் குறைத்து எடுங்கள். அதற்கும் சின்னத் துளை வைத்தால் ஒளி வளைந்து படம் முழுக்கவே மென்மையாகும்.

இன்னொரு காரணம், கிடைக்காத நுணுக்கத்தைக் கேட்பது. ஒரு பிக்சல் பொருளில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: தூரத்தைக் கேமரா சென்சாரில் உள்ள பிக்சலின் அளவால் பெருக்கி, லென்ஸின் குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும். 1 மீட்டர் தூரம், 50 மில்லிமீட்டர் லென்ஸ், 4 மைக்ரான் பிக்சல் என்றால் 0.08 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் ஆழம் வெட்டிய எழுத்து இதில் அருமையாக வரும். உளியின் பல் விட்ட கீறல் 0.1 மில்லிமீட்டர் என்றால் வராது. அதற்கு 30 சென்டிமீட்டருக்குக் கிட்டே போக வேண்டும். தேய்ந்த எழுத்தைப் படிப்பதுதான் நோக்கம் என்றால், டெக்ஸ்சரை, அதாவது மாதிரியின்மேல் போர்த்திய நிறப்படத்தை, அணைத்துவிட்டு, வெறும் உருவத்தின்மேல் பக்கவாட்டிலிருந்து ஒரு விளக்கைத் திரையில் நகர்த்திப் பாருங்கள். பாசியும் கறையும் போய், கண்ணுக்குத் தெரியாத எழுத்து நிழலாக எழும். இந்தத் தொழிலில் எனக்கு இன்றும் அலுக்காத காட்சி அது.

பார்க்க அழகாக இருக்கிறது, அளந்தால் தப்பு

எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். ஓட்டை விழுந்த மாதிரியை யாரும் நம்ப மாட்டார்கள். அழகான மாதிரியை எல்லாரும் நம்புவார்கள்.

படங்களிலிருந்து உருவம் கிடைக்கும், அளவு கிடைக்காது. பொம்மைக் காரைக் கிட்டேயிருந்து எடுத்ததும் நிஜக் காரைத் தூரத்திலிருந்து எடுத்ததும் கணக்குக்கு ஒன்றுதான். தெரிந்த நீளம் ஒன்று படத்துக்குள் இருந்தால்தான் மாதிரிக்கு மில்லிமீட்டர் என்ற பேச்சே வரும். ட்ரோனிலும் ஃபோனிலும் உள்ள ஜிபிஎஸ் ஒரு அளவைக் கொடுத்துவிடும், அதில் மீட்டர் கணக்கில் தடுமாற்றம் இருக்கும். சின்னப் பொருளுக்கு அதை நம்பினால் வீண்.

அளவுகோல் வைத்தும் தப்பு வருகிறதா? முதலில் அளவுகோலின் நீளத்தைப் பாருங்கள். 50 சென்டிமீட்டர் கோலின் இரு முனைகளைக் குறிக்கும்போது அரை மில்லிமீட்டர் தவறினால், 5 மீட்டர் பொருளில் அது 5 மில்லிமீட்டராகும். கோல் பொருளின் நீளத்துக்கு ஓரளவு ஈடாக இருக்க வேண்டும். ஒன்று போதாது, குறைந்தது இரண்டு, வேறு வேறு திசையில். ஒன்றைக் கணக்குக்குக் கொடுங்கள், மற்றதைக் கொடுக்காமல் மறைத்து வைத்து, கடைசியில் மாதிரியில் அதை அளந்து பாருங்கள். அந்த வித்தியாசம்தான் உங்கள் உண்மையான பிழை. மென்பொருள் காட்டும் 0.4 பிக்சல் என்பது படங்கள் தங்களுக்குள் ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமே சொல்லும். மேலே சொன்ன தூணும் அதே எண்ணைத்தான் காட்டியது.

தடயப் பணியில் கோலை எங்கே வைப்பது என்பதே வழக்கை மாற்றலாம். ஈர மண்ணில் 2 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு காலணித் தடம். கோலைப் பக்கத்தில் தரைமேல் வைக்கிறோம். காலணி அடிப்பாகத்தின் கோலமோ பள்ளத்தின் அடியில் இருக்கிறது. 1 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே ஒரு படம் எடுத்து அளந்தால், அடியில் உள்ளது 2 சதவீதம் சிறிதாகத் தெரியும். 300 மில்லிமீட்டர் தடம் 294 ஆகும். ஐரோப்பியக் காலணி அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் வித்தியாசமே 6.67 மில்லிமீட்டர்தான். கிட்டத்தட்ட ஒரு எண் மாறிவிட்டது. பல கோணத்தில் எடுத்து மாதிரியாக்கினால் இந்தத் தப்பு போய்விடும், ஏனென்றால் ஆழமும் கணக்கில் வருகிறது. அப்படியும் தனிப்படம் கோப்பில் சேரும் என்பதால், தடத்துக்குப் பக்கத்து மண்ணைத் தோண்டி, கோலைத் தடத்தின் அடிமட்டத்துக்குச் சமமாக இறக்கி வையுங்கள்.

திமிங்கலத்தை ட்ரோனால் அளப்பவர்களுக்கும் இதே தலைவலி. கடலில் கோல் வைக்க முடியாது, பறக்கும் உயரம்தான் அவர்களுக்கு அளவுகோல். 30 மீட்டர் உயரத்தில் 1 மீட்டர் தவறினால் நீளத்தில் 3 சதவீதத்துக்கு மேல் தவறும். இந்த விலங்கு இந்த ஆண்டு இளைத்திருக்கிறதா என்று கேட்பவருக்கு அது பெரிய தவறு. ட்ரோனின் காற்றழுத்த உயரமானி வெப்பம் மாறினாலே நகரும், அதனால்தான் லேசர் உயரமானியைச் சேர்த்துக் கட்டுகிறார்கள்.

ஒழுங்காகச் செய்தால் இந்த முறை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியை 2017ல் நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தின் உறைகுளிர் வெற்றிட அறையில் சோதித்தபோது, கண்ணாடிகள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்ததில் போட்டோகிராமெட்ரிக்கும் பங்கு உண்டு. சுழலும் கைகளில் கேமராக்களைப் பொருத்திச் சுற்றிச் சுற்றி எடுத்தார்கள். நாம் சிலையைச் சுற்றி நடக்கும் அதே வேலைதான்.

தட்டையான தரை கிண்ணம்போல் வளைகிறது

அகழாய்வுக் குழி, நீளமான சுவர், சாலை என்று தட்டையான எதையும் நேர்மேலிருந்தோ நேர்முன்னாலிருந்தோ மட்டும் எடுத்தால் வருவது. நடுப்பகுதி உப்பியோ குழிந்தோ இருக்கும். லென்ஸின் வளைவு எது, தரையின் வளைவு எது என்று மென்பொருளால் பிரிக்க முடியவில்லை. எல்லாப் படமும் ஒரே திசையைப் பார்ப்பதால் இரண்டும் ஒரே விளைவைத்தான் கொடுக்கின்றன.

உறுதி செய்ய, படமெடுப்பதற்கு முன்பே குழிக்குக் குறுக்கே ஒரு நூலை இறுக்கிக் கட்டுங்கள். மாதிரியில் நூல் வளைந்தால் தரையும் பொய். தவிர்ப்பது அதைவிடச் சுலபம்: நேர்ப்படங்களோடு 20, 30 டிகிரி சாய்த்து நடுவைப் பார்க்கும்படி ஒரு சுற்று எடுங்கள், சில படங்களைக் கேமராவை 90 டிகிரி திருப்பி எடுங்கள். எடுக்காமல் வந்துவிட்டால், அதே லென்ஸ், அதே ஃபோகஸில் நன்றாக அமைந்த வேறொரு வேலையின் லென்ஸ் அளவுகளை இதில் போட்டுப் பூட்டிப் பாருங்கள். தரையில் அளந்த புள்ளிகள் இருந்தால் அவற்றையும் கொடுங்கள்.

குவியலின் கன அளவு ஒவ்வொரு முறையும் மாறுகிறது

நீளத்தில் 1 சதவீதப் பிழை இருந்தால் கன அளவில் அது 3 சதவீதம். 1000 கன மீட்டர் குவியலில் 30 கன மீட்டர் காணாமல் போகும், அல்லது புதிதாக முளைக்கும். ஆகவே முதலில் மேலே சொன்ன அளவுகோலைச் சரிபாருங்கள்.

அளவு சரி என்றால் குற்றவாளி அடித்தளம். குவியலுக்குக் கீழே உள்ள தரை படத்தில் தெரியாது, யூகம்தான். குவியல் 1000 சதுர மீட்டர் பரப்பில் இருந்தால், அடித்தளத்தை 5 சென்டிமீட்டர் மேலே கீழே வைப்பதே 50 கன மீட்டர். அடியோரத்தைச் சுற்றிப் புல்லும் நிற்கும் வண்டியும் இருந்தால் அவையும் தரையாகிவிடும். இடம் காலியாக இருக்கும்போதே ஒருமுறை தரையை எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு சண்டையே வராது. முடியாவிட்டால், அடியோரத்தை ஒரே ஆள், ஒரே விதிப்படி ஒவ்வொரு முறையும் வரையட்டும்.

தண்ணீருக்குள் எடுத்தவை

தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. தட்டைக் கண்ணாடி வைத்த உறைக்குள் கேமரா இருந்தால் எல்லாம் அந்த அளவுக்குக் கிட்டே தெரியும், ஓரங்கள் வளையும். லென்ஸைக் கரையில் அளந்து வைத்திருந்தால் அந்த எண்களைத் தூக்கிப்போட்டு, தண்ணீருக்குள்ளேயே புதிதாகக் கணக்கிடச் சொல்லுங்கள். குமிழ் முகப்புள்ள உறை இந்தப் பிரச்சினையைப் பெரிதும் குறைக்கும். படமெங்கும் வெள்ளைப் புள்ளிகள் மிதந்தால் ஃபிளாஷ் லென்ஸுக்கு மிக அருகில் இருக்கிறது. கை நீட்டி விளக்கைப் பக்கவாட்டுக்குக் கொண்டு போங்கள். தூரம் போகாமல் கிட்டேயிருந்து நிறைய எடுப்பதுதான் வழி. 3,800 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் டைட்டானிக்கை 2022ல் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களாக எடுத்துத்தான் முழுக் கப்பலையும் ஒரே மாதிரியில் கொண்டுவந்தார்கள். அந்த இருட்டில் தள்ளி நின்று எடுக்க இடமே இல்லை.

முகம், கை, கால் இரட்டையாகத் தெரிகிறது

மூச்சு விடுகிறவர் அசைவார். ஒரு கேமராவால் சுற்றி வர ஒரு நிமிடம் ஆனால், தோளும் தாடையும் சில மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். முகத்துக்குப் பல கேமராக்களை ஒரே நொடியில் இயக்குவதுதான் சரி. அது இல்லாதபோது தலையை எதன்மேலாவது சாய்த்து வைத்து, வீடியோவாக இருபது முப்பது நொடிக்குள் சுற்றி, மங்காத பிரேம்களைப் பிரித்தெடுங்கள். செயற்கைக்கால் பொருத்துவதற்காக மீதக்காலை எடுக்கும்போது, கேமராவைவிட அந்த மனிதர் வசதியாக உட்கார்ந்திருக்கிறாரா என்பதுதான் முதல் கேள்வி. வலியோடு பிடித்திருக்கும் கால் நடுங்கும், நடுங்கும் காலில் எடுத்த அளவு நாளை அவரைத்தான் உறுத்தும்.

பழைய படங்கள், பிறர் எடுத்த படங்கள் ஒட்டவே மாட்டேன் என்கின்றன

பொருளே இப்போது இல்லை, படங்கள் மட்டும்தான் இருக்கின்றன. ஆப்கானிஸ்தானில் பாமியானின் பெரிய புத்தர் சிலை 2001 மார்ச்சில் தகர்க்கப்பட்ட பிறகு, சூரிக் ஈடிஎச் பல்கலைக்கழகத்தில் ஆர்மின் குரூன் குழு அதைப் படங்களிலிருந்து மீட்டது. இணையத்தில் கிடைத்த படங்களை வைத்துச் செய்தது கரடுமுரடாகத்தான் வந்தது. ஒவ்வொன்றும் வேறு கேமரா, வேறு அளவு, வேறு காலம். நுணுக்கமான உருவம் கிடைத்தது 1970ல் அளவீட்டுக் கேமராவால் எடுத்து வைத்திருந்த மூன்றே மூன்று படங்களிலிருந்து. அங்கியின் மடிப்புகூட அவற்றில் இருந்தது.

உங்களிடம் உள்ளவை அப்படிப்பட்டவை இல்லை என்றால், முதலில் மூலக் கோப்பைத் தேடுங்கள். மெசேஜில் அனுப்பி வந்த படம் சுருங்கி, கேமரா விவரம் அழிந்திருக்கும். எடுத்தவரிடம் அசல் இன்னும் இருக்கலாம், கூச்சப்படாமல் கேளுங்கள். ஸ்கேன் செய்த பழைய படம் என்றால் ஓரம் வெட்டாத முழுச் சட்டகமும் வேண்டும், நெகட்டிவ் கிடைத்தால் இன்னும் நல்லது. கேமரா விவரம் இல்லாத ஒவ்வொரு படத்தையும் தனிக் கேமராவாக மென்பொருளுக்குச் சொல்லுங்கள், எல்லாவற்றையும் ஒரே கேமரா என்று சேர்த்துவிட்டால் ஒன்றும் ஒட்டாது. அப்புறம் கூர்மையான, ஒரே ஆள் ஒரே நாளில் எடுத்த இரண்டு மூன்று படங்களை முதலில் சேருங்கள். அது நின்ற பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாக, கையால் ஏழெட்டுப் புள்ளி குறித்து உள்ளே கொண்டுவாருங்கள். ஒரு படத்தைச் சேர்த்ததும் மொத்த உருவமும் அசைந்தால், அந்தப் படத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.